எபெனில் இருந்துகொண்டு எல்பிஐசி-1 படித்தல்

லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் வழங்கும் எல்பிஐசி-1 சான்றிதழ், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களின் நிர்வாக வேலைக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு முதல் படி. அதற்கு 101, 102 என்று இரண்டு தேர்வுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடங்கள். மதிப்பெண் 200-இல் தொடங்கி 800-இல் முடியும் ஓர் அளவுகோலில் தரப்படுகிறது. 500 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலான கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. சிலவற்றில் கட்டளையின் பெயரையோ கோப்பின் பாதையையோ ஓர் எழுத்தும் பிசகாமல் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். முன்தகுதி எதையும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கதவைத் திறந்து வைக்கிறது.

மொரீசியஸில் எபென் சைபர் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றில், பிரான்சிலுள்ள வாடிக்கையாளர்களின் கணினிச் சிக்கல்களைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்க்கும் உதவி மையத்தில் நான் வேலை செய்கிறேன். கடவுச்சொல்லை மாற்றித் தருவதும், அச்சுப்பொறி ஏன் அசையவில்லை என்று பார்ப்பதும், அதற்கு மேலான எதையும் சர்வர் குழுவுக்கு டிக்கெட்டாக, அதாவது பதிவு செய்த புகாராக, அனுப்பிவிடுவதும் என் வேலை. அந்த டிக்கெட் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டும் என்ற ஆவலும், இரவுப் பணியிலிருந்து விடுபட வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து என்னை இந்தத் தேர்வுக்குப் படிக்க வைத்தன.

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தவுடன் தெரியும் ஒரு நல்ல குணம், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எடை குறிக்கப்பட்டிருப்பது. நான் படித்த 5.0 பதிப்பில் ஒரு தேர்வின் எடைகளைக் கூட்டினால் சரியாக 60 வரும். ஆகவே எடை என்பது ஏறத்தாழ அந்தப் பகுதியிலிருந்து வரக்கூடிய கேள்விகளின் எண்ணிக்கைதான். 101-ஆம் தேர்வில் கட்டளைகளைப் பற்றிய பகுதி மட்டும் 26. கணினியின் கட்டமைப்பு 8. நிறுவுதலும் மென்பொருள் தொகுப்பு மேலாண்மையும் 12. வட்டுகளும் கோப்பு முறைமைகளும் 14. 102-இல் வலைப்பின்னலுக்கு 14, பாதுகாப்புக்கு 10. வரைகலை முகப்புக்கு வெறும் 4. இந்தக் கணக்கைப் பார்க்காமல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறவர்கள், கணினி எப்படித் துவங்குகிறது என்ற 8 எடையுள்ள பகுதியிலேயே களைத்துப்போய், 26 எடையுள்ள பகுதிக்கு வரும்போது நாள் போதாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எடைக் கணக்கு எதைப் படிப்பது என்று சொல்லும். படித்ததை எப்படி நினைவில் நிறுத்துவது என்று சொல்லாது. இந்தப் பாடத்திட்டம் எந்த ஊரையும் சேராதது. நூல்களில் வரும் எடுத்துக்காட்டுகளில் சர்வர் நியூயார்க்கில் இருக்கும், அல்லது பெர்லினில் இருக்கும், அல்லது எங்குமே இராது. நூற்றுக்கணக்கான கட்டளைகளையும் அவற்றோடு சேர்த்துத் தட்டும் விருப்பக்குறிகளையும் இப்படி வெட்டவெளியில் வைத்து மனப்பாடம் செய்தால் அவை ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. எனவே, என் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் ஒரு மெய்நிகர் கணினியில் லினக்ஸை நிறுவிக்கொண்டு, பாடத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எங்கள் தீவு எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிட நிறைய இடங்களில் இருந்தது.

மதுரையிலிருந்து வேலைக்காக வந்து எனக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு இது வீண்வேலையாகத் தோன்றியது. "அக்கா, மொரீசியஸ் நேரத்தை எல்லாம் தேர்வுல கேட்கவே மாட்டாங்க. எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றார். பள்ளியில் கற்ற தமிழைத்தான் என்னால் பேச முடியும், அந்தத் தமிழிலேயே, "கேட்க மாட்டார்கள் தம்பி. ஆனால் நேர மண்டலக் கோப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன என்று கேட்பார்கள். அது எனக்கு இனி மறக்காது" என்று சொன்னேன்.

நேரத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் 'டிஇசட்செலக்ட்' என்ற கட்டளை, முதலில் கண்டத்தையோ பெருங்கடலையோ கேட்கும். இங்குள்ள பலர் ஆப்பிரிக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நாடுகளின் பட்டியலில் மொரீசியஸைக் காணாமல் திகைப்பார்கள். இந்தியப் பெருங்கடல் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் எங்கள் தீவு வரும். கோப்பும் 'இந்தியன்' என்ற துணை அடைவுக்குள் (கோப்புறைக்குள்), 'மொரீசியஸ்' என்ற பெயரில், 'யுஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ' என்பதன் கீழ் இருக்கிறது. 'இடிசி/லோக்கல்டைம்' என்பது அந்தக் கோப்புக்கு இடப்படும் ஓர் இணைப்பு. இணைப்பாக இடாமல் நகலெடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால், அந்த இணைப்பு ஏன் தேவை என்பது தானாகவே விளங்கிவிடும்: நேர மண்டலத் தொகுப்பு பின்னால் புதுப்பிக்கப்பட்டாலும் நகல் பழையபடியே இருக்கும்.

தீவின் நேரம் மாறவே மாறாது என்று நினைக்கிறவர்கள் 2008-ஐ மறந்திருப்பார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று மொரீசியஸ் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. 2009 மார்ச் 29 அன்று திரும்பப் பெற்றது. அதன்பின் அந்தச் சோதனையைத் தொடரவில்லை. இந்த வரலாறு முழுவதும் அந்தச் சிறிய கோப்புக்குள் இருக்கிறது. 'டிஇசட்' என்ற சூழல் மாறியில் எங்கள் மண்டலத்தை வைத்துக்கொண்டு, 'டேட்' கட்டளையிடம் 1230768000 என்ற விநாடி எண்ணைக் கொடுத்தால், அதாவது உலகப் பொது நேரப்படி 2009 ஜனவரி 1 நள்ளிரவைக் கொடுத்தால், காலை 5 மணி என்று பதில் வரும். 1262304000-ஐ, அதாவது அடுத்த ஆண்டின் அதே நொடியைக் கொடுத்தால் 4 மணி என்கிறது. கணினி உள்ளுக்குள் 1970-இலிருந்து விநாடிகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது, மண்டலம் என்பது அதைக் காட்டும்போது போர்த்தப்படும் ஆடை மட்டுமே என்பதை எந்த விளக்கவுரையைவிடவும் இந்த இரண்டு வரிகள் எனக்குத் தெளிவாக்கின. இன்னும் பின்னே போய் 1906-ஐக் கேட்டால், இடைவெளி 4 மணி அன்று, 3 மணி 50 நிமிடம். போர்ட் லூயிஸின் தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்ட பழைய உள்ளூர் நேரம் அது. இது தேர்வுக்குத் தேவையில்லை. தேர்வுக்குத் தேவையில்லாத இத்தகைய ஒன்றிரண்டைத் தேடிப் போகும் வழியில்தான் தேவையானவை கையில் சிக்குகின்றன என்பது என் அனுபவம். நேரத்தை அமைக்கும் 'டைம்டேட்சிடிஎல்', வன்பொருள் கடிகாரத்துக்கான 'எச்டபிள்யூகிளாக்', நேர ஒத்திசைவுக்கான 'குரோனி', அது பயன்படுத்தும் 123-ஆம் துறை எண் (போர்ட்) ஆகிய எல்லாம் அந்த மாலையிலேயே வந்து சேர்ந்தன.

அடுத்தது எழுத்து. இந்தத் தீவில் ஒரே பட்டியலில் பிரெஞ்சுப் பெயரும் ஆங்கிலப் பெயரும் கலந்து வரும்; எங்கள் கோயில் சங்கத்தின் பட்டியல் என்றால் தமிழும் சேரும். எபென் என்ற ஊர்ப்பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் ஐந்து எழுத்துகள். அவற்றில் இரண்டுக்கு மேலே குறி உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் பழைய ஐஎஸ்ஓ 8859-1 முறையில் அது 5 பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் 7. யுடிஎஃப்-8 முறையில் எழுதியதை ஐஎஸ்ஓ 8859-1 என்று படித்தால், குறியுள்ள ஒவ்வோர் எழுத்தும் இரண்டு விசித்திரக் குறிகளாக உடைந்து தெரியும். வாடிக்கையாளர்கள் "உங்கள் மென்பொருளில் வைரஸ் புகுந்துவிட்டது" என்று அழைத்துச் சொல்வதில் பாதி இதுதான். தமிழிலோ இது இன்னும் வெளிப்படை. 'தமிழ்' என்பதை யுடிஎஃப்-8 கோப்பில் வரிமுறிவு இல்லாமல் எழுதி, எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளையிடம் கொடுத்தால், பைட்டுகளை எண்ணும் சி விருப்பக்குறிக்கு 15 என்றும் எழுத்துக் குறியீடுகளை எண்ணும் எம் விருப்பக்குறிக்கு 5 என்றும் பதில் வரும். நம் கண்ணுக்குத் தெரிவதோ மூன்று எழுத்துகள். இகரக் குறியும் புள்ளியும் யுனிகோடில் தனித்தனி எண்கள் என்பதால் ஐந்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் என்பதால் பதினைந்து. இங்கேயே மொழிச் சூழலை (லோகேல்) 'சி' என்று மாற்றிவிட்டு மீண்டும் எம் விருப்பக்குறியைக் கேட்டால் விடை 15 ஆகிவிடுகிறது, ஏனென்றால் அந்தச் சூழலில் கணினிக்குப் பைட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. 'எல்சி_ஆல்' மற்ற எல்லாவற்றையும் வெல்லும், தனித்தனி 'எல்சி' மாறிகள் 'லேங்' என்பதை வெல்லும் என்ற முன்னுரிமை வரிசை தேர்வில் கேட்கப்படக்கூடியது. அதை நான் இப்படி ஒரே சொல்லை வைத்துச் சோதித்தே படித்தேன். 'ஐகான்வ்' கட்டளையிடம் தமிழ்க் கோப்பை ஐஎஸ்ஓ 8859-1-க்கு மாற்றச் சொன்னால் மறுத்துவிடும் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சிறு செய்தி. லினக்ஸின் சி நூலகம் ஆதரிக்கும் மொழிச் சூழல்களின் பட்டியலில் மொரீசியன் கிரியோலுக்கு இடம் இருக்கிறது. தமிழுக்கு இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு இருக்கின்றன; மொரீசியஸ் தமிழ் என்று ஒன்று இல்லை. நான் என் கணினியில் பொதுச் சூழலைக் கிரியோலாகவும், தேதியை மட்டும் இந்தியத் தமிழாகவும் வைத்திருக்கிறேன். ஒரே கணினியில் இப்படி மொழிகளைக் கலந்து வைக்க முடியும் என்பதே 'எல்சி' மாறிகள் பலவாக இருப்பதற்குக் காரணம். இந்தத் தீவில் வாழ்கிறவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் 'கிரான்' பகுதிக்கு எடை 4. அதன் அட்டவணையில் நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்று ஐந்து புலங்கள். மார்ச் 12 எங்கள் தேசிய நாள். அன்று காலை ஆறு மணிக்கு ஒரு வேலை ஓட வேண்டும் என்றால் 0, 6, 12, 3, பிறகு ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தின் இடத்தில் 1 என்று எழுதினால், மார்ச் 12 திங்கட்கிழமையாக வரும் ஆண்டில் மட்டும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. நாளும் கிழமையும் இரண்டுமே குறிக்கப்பட்டிருந்தால், இரண்டில் எது பொருந்தினாலும் கிரான் வேலையை இயக்கிவிடும். ஆக மார்ச் மாதத்தின் ஒவ்வொரு திங்களும் ஓடும், 12-ஆம் தேதியும் ஓடும். இதைப் போன்ற பொறிகளைத்தான் கேள்வி அமைப்பவர்கள் விரும்புவார்கள். தைப்பூசமும் இங்கே பொது விடுமுறைதான். ஆனால் தை மாதத்தையும் பூச நட்சத்திரத்தையும் கிரான் அறியாது, ஆண்டுதோறும் தேதி மாறும். காவடிக்கு முதல் நாள் இரவு மட்டும் ஓட வேண்டிய வேலையை 'அட்' கட்டளையிடம் ஒப்படைப்பதே முறை. ஒருமுறை நடப்பதற்கு 'அட்', திரும்பத் திரும்ப நடப்பதற்கு 'கிரான்' என்ற வேறுபாடு அதற்குப்பின் எனக்குக் குழம்பியதே இல்லை.

'ஆனாகிரான்' என்ற இன்னொன்று எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளப் புயல் போதும். மூன்றாம் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டால் அலுவலகங்கள் மூடப்பட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். மேசைக் கணினிகளும் சிறிய சர்வர்களும் அணைக்கப்படும். அணைந்திருக்கும் கணினியில் இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய காப்பு நகல் வேலையைக் கிரான் அப்படியே விட்டுவிடும், மறுநாள் நினைவூட்டாது. ஆனாகிரான், கடைசியாக ஓடி எத்தனை நாளாயிற்று என்று பார்த்து, கணினி உயிர் பெற்றதும் சற்றுத் தாமதித்து அதை இயக்கும். ஆகவேதான் அதன் அட்டவணையில் மணிக்கணக்கு இல்லை. நாள் இடைவெளி, தாமத நிமிடம், வேலையின் பெயர், கட்டளை என்று நான்கு மட்டுமே.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயிஸை வெள்ளத்தில் ஆழ்த்தியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திடீரென்று போவது எங்களுக்குக் கோடைகாலத்தின் இயல்பு. எனவே கோப்பு முறைமைச் சோதனையை நான் மெய்நிகர் கணினியை அடித்துக் கொன்றே படித்தேன்: பெரிய கோப்பொன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் மின்சாரத்தைத் துண்டிப்பது, பிறகு எழுந்து வரும்போது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைப் படித்துப் பெரும்பாலும் தானாகவே சீராகிவிடும். ஆனால் கடைசி நொடிகளில் எழுதிய தரவு இல்லாமல் போகலாம். எந்த முறைமையை எங்கே இணைப்பது என்று குறிக்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பின் ஆறாம் புலம் சோதனை வரிசையைச் சொல்லும்: மூல முறைமைக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதிக்கவே வேண்டாம் என்றால் 0. இணைக்கப்பட்டிருக்கும் முறைமையின் மீது, சோதித்துச் சீராக்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையை ஓட்டக் கூடாது. எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கு அந்தக் கட்டளை எதையும் செய்யாது. அதற்கு 'எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்' வேண்டும். இந்த மூன்றையும் புத்தகத்தில் படித்தால் மூன்று விதிகள். மெய்நிகர் கணினியில் பார்த்தால் ஒரே கதையின் மூன்று காட்சிகள்.

வலைப்பின்னலில் எங்கள் தீவு பார்வையாளரின் இடத்தை விட்டு நடுமேடைக்கே வந்துவிடுகிறது. ஆப்பிரிக்கா முழுவதற்கும் இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் அஃப்ரினிக் பதிவகத்தின் தலைமையிடம் எபெனில்தான் இருக்கிறது. உலகில் இத்தகைய பதிவகங்கள் ஐந்தே. 2005-இல் முழு அங்கீகாரம் பெற்றது. ஐபிவி4 முகவரிகளின் கடைசி ஐந்து பெரிய தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, அஃப்ரினிக்குக்குக் கிடைத்தது 102-இல் தொடங்கும் தொகுதி. தேர்வின் எண்ணும் 102 என்பது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் எனக்கு உதவியது. 41, 102, 105, 196, 197 என்று தொடங்குபவை பொது முகவரிகள். 10-இல் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும், 192.168-இல் தொடங்குபவையும் எந்தப் பதிவகமும் தராத தனி முகவரிகள். 172.32 என்று தொடங்கும் ஒன்றைக் காட்டி இது தனி முகவரியா என்று கேட்டால் தயங்காமல் இல்லை என்று சொல்ல வேண்டும். 10.20.30.64/26 என்ற வலையில் 64 முகவரிகள். முதலாவது வலையின் பெயர், கடைசியான 127 எல்லாருக்கும் ஒலிபரப்ப. நடுவிலுள்ள 62 மட்டுமே கணினிகளுக்கு. இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் மனத்தில் போடும் வரை பழக வேண்டும், ஏனெனில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். துறை எண்களை நான் மெட்ரோவில் ரோஸ் ஹில்லுக்கும் எபெனுக்கும் இடையே படித்து முடித்தேன். அவற்றைப் புரிந்துகொள்வதற்கு ஒன்றுமில்லை, மனப்பாடம்தான்.

எல்லாப் பகுதிகளும் இப்படி ஊரோடு ஒட்டிக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொகுப்பு மேலாண்மையில் லினக்ஸின் இரு வகைகளான டெபியன் குடும்பத்தையும் ரெட் ஹாட் குடும்பத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். ஒரு கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அறிய ஒன்றில் 'டிபிகேஜி' கட்டளையுடன் பெரிய எஸ், மற்றொன்றில் 'ஆர்பிஎம்' கட்டளையுடன் கியூஎஃப். இதற்கு எந்தப் புயலும் திருவிழாவும் உதவாது. இரண்டு மெய்நிகர் கணினிகளை அருகருகே வைத்து ஒரே வேலையை இரண்டிலும் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அனுமதி எண்களும் அப்படித்தான்: புதியவற்றுக்கு எந்த அனுமதிகள் கூடாது என்று சொல்லும் 'யுமாஸ்க்' 027 என்றால் புதிய கோப்பு 640, புதிய அடைவு 750, நூறு முறை எழுதிப் பார்த்தால் வரும். வரைகலை முகப்புக்கும் அச்சிடுதலுக்கும் தலா ஒரு மாலை போதும். 'விஐ' தொகுப்பானுக்கு எடை 3 மட்டுமே என்றாலும், எல்லாக் கோப்புகளையும் அதிலேயே திருத்துவது என்று முதல் நாளிலேயே முடிவு செய்துவிட்டால் அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

அடுத்த இருக்கைத் தம்பி பழைய கேள்விகளின் திரட்டு ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்து எனக்கும் அனுப்பினார். தேர்வெழுதும்போது நாம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அதைத் தடை செய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அத்திரட்டின் விடைகளில் பல பிழையானவை என்பதைக் கட்டளையை ஓட்டிப் பார்த்தவர் உடனே கண்டுகொள்வார், ஓட்டிப் பார்க்காதவர் அப்பிழைகளையே மனப்பாடம் செய்வார். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளில் அந்த மனப்பாடம் கைகொடுக்காது.

101-ஐ முடித்துவிட்டேன். இரண்டு தேர்வுகளையும் ஐந்தாண்டுகளுக்குள் முடித்தால் போதும். சான்றிதழும் கிடைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஆகவே 102-க்கு அவசரமில்லை. தேர்வுகளை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் வழியாக வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். அதற்குத் தனியறை, ஒளிப்படக்கருவி, அறுபடாத இணைப்பு, அறுபடாத மின்சாரம் ஆகிய நான்கும் வேண்டும். எங்கள் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுவரை நீள்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காவடி விரதமும் வரும். எங்கள் வீட்டில் அந்தப் பத்து நாள்களும் யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஜூலையில் ஒரு சனிக்கிழமைக் காலைக்கு இடம் பிடித்திருக்கிறேன். அதுவரை மின்னஞ்சல் சேவையகமும், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறவுகோல்களும் மீதம் இருக்கின்றன.